மீன் குஞ்சுப் பண்ணையில் களப்பணி: போலாமா? வேலை பார்த்தவங்க சொல்லுங்க

புளியம்பட்டிப் பையன் | ஜூன் 24, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கமுங்க. விலங்கியல் முடிச்சு ஒரு வருசமாச்சு. பவானிசாகர் அணைக்குக் கீழ, வாய்க்கால ஒட்டுன மாதிரி ஒரு தனியார் கெண்டைக் குஞ்சுப் பண்ணையில களப்பணியாளரா வரச் சொல்லியிருக்காங்க. மாசம் 14,000. தங்கற எடம், சோறு அவங்களுது. தண்ணி பரிசோதனை, சினை மீன் பாத்துக்கறது, குஞ்சு எண்றது, மாசத்துக்கு ரெண்டு தடவை சுத்துவட்டாரக் குளத்துல வலை போட்டு மீன நிறுத்து அளந்து எழுதறதுன்னு வேலையச் சொன்னாங்க.

எங்கப்பாரு திருப்பூருக்குப் போடாங்கறாரு. ஒறம்பரையெல்லாம் "மீன் புடிக்கறதுக்கா காலேஜு படிச்சே"ன்னு கேக்கறாங்க. எனக்கு மீன்னா சின்ன வயசுல இருந்து உசுரு. கொடிவேரில எங்க மாமன்கூட நின்னு கெண்டை புடிச்சு வளந்தவன். ஆனா தினமும் அங்க என்னதான் வேலை நடக்கும்னு தெரியாமப் போய் நிக்கறதுக்கு வெசனமா இருக்குதுங்க. தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க.

ஊத்துக்குளி_நூல் | ஜூன் 24, இரவு 10:03

திருப்பூர்ல புதுசா வர்ற பசங்களுக்கு இதைவிடக் கூடத்தான் குடுக்கறாங்க தம்பி. ஆனா நான் பதினோரு வருசமா பனியன் கம்பெனில இருக்கேன், எனக்கு இந்த வேலை பிடிக்கும்னு ஒரு நாளும் தோணினதில்ல. உனக்குப் பிடிக்குதுன்னு நீயே எழுதிட்டே. அதை யோசிச்சுக்கோ.

பரிசல்துறை | ஜூன் 25, காலை 6:20

தம்பி, நான் பத்தொம்பது வருசம் கெண்டைப் பண்ணையில இருந்தவன். மூணு பண்ணை பார்த்தாச்சு. மொத்தமாச் சொன்னா வெளங்காது, ஒரே ஒரு ராத்திரியச் சொல்றேன். அதுல பாதி வேலை தெரிஞ்சிரும்.

ஆடி மாசம், பொழுதோட அஞ்சு மணி. சினைக்குட்டையில இழுவலை போட்டு மீன ஒரு ஓரத்துக்குக் கொண்டாந்தாச்சு. பொட்டை மீன் வயித்தத் தொட்டா பழுத்த கொய்யா மாதிரி மெத்துன்னு இருக்கணும், கழிவுத்துளை செவந்து கொஞ்சம் தடிச்சு நிக்கும். ஆண் மீனோட செவுளுக்குப் பின்னால இருக்கற துடுப்ப உள்பக்கமாத் தடவிப் பாரு, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். வயித்த லேசா அமுக்குனா பால் வரணும். ஈரத் துணியில சுத்தி, தொங்கு தராசுல நிறுத்து, எடைய எழுது. இங்க இருந்தே நோட்டுப் புத்தகம் தொடங்கிரும்.

அப்புறம் முட்டை விட வெக்கற ஊசி. பொட்டைக்குக் கிலோவுக்கு அரை மில்லிக்குள்ள, ஆணுக்கு அதுல பாதி. கட்லாவுக்குச் சித்தெத் தூக்கி, ரோகுக்குச் சித்தெ எறக்கி. இந்த மருந்தெல்லாம் பின்னால வந்தது. எனக்கு வேலை கத்துக்குடுத்த பெரியவரு, செத்த மீன் தலையத் தெறந்து மூளைக்கு அடியில இருக்கற சுரப்பிய எடுத்து, சாராயத்துல போட்டு வெச்சு, அரைச்சு ஊசி போட்ட காலத்து ஆளு. நம்ம நாட்டுல கெண்டைக்கு அப்படி ஊசி போட்டு முதன்முதலா முட்டையிட வெச்சது 1957-ல, ஒடிசாவுல, ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும். அந்த ஜூலை 10-ஐத்தான் இப்ப மீன் வளர்ப்போர் நாள்னு கொண்டாடறோம். அதுக்கு முன்ன எல்லாம் புதுவெள்ளத்துல ஆத்துல மீன் ஏறும்போது குஞ்சை வாரிக் கொண்டாந்துதான் வளர்த்தாங்க. கட்லாவும் ரோகும் குட்டையில வளரும், சினை கட்டும், ஆனா ஓடற தண்ணி இல்லாம முட்டை மட்டும் விடாது. அதுக்குத்தான் வட்டத் தொட்டி, சுத்தற தண்ணி, ஊசி எல்லாம்.

ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி வாக்குல தண்ணி சத்தம் மாறும். ஆண் மீன் முட்டிக்கிட்டுத் துரத்தும். தண்ணி மேல நுரை கட்டும், ஒரு வாசம் வரும். ஒரு தடவை அந்த வாசம் புடிச்சவன் அப்புறம் மறக்க மாட்டான். முட்டையெல்லாம் குழாய் வழியா பொரிப்புத் தொட்டிக்கு வந்து சேரும். வெள்ளைக் கிண்ணத்துல ஒரு கை அள்ளி, டார்ச் அடிச்சுப் பாரு. கரு புடிச்ச முட்டை வெந்த ஜவ்வரிசி மாதிரி தெளிஞ்சு நடுவுல புள்ளியோட இருக்கும். கரு புடிக்காதது வேகாத ஜவ்வரிசி, வெள்ளையா இருக்கும். நூறு முட்டைய எண்ணி, அதுல எத்தனை தெளிவுன்னு எழுது. தண்ணி வேகம் கூடுனா முட்டை ஒடையும், கொறஞ்சா அடியில படிஞ்சு மூச்சு முட்டிச் சாகும். அந்த வால்வைத் திருப்பறதுக்கு அளவுகோல் கெடையாது, கண்ணுதான். 14-ல இருந்து 18 மணி நேரத்துல பொரிஞ்சிரும். மூணு நாள் வயித்துல இருக்கற மஞ்சக்கருவிலயே பொழைக்கும், அப்புறம் நாத்துக்குட்டைக்கு மாத்தணும்.

தூக்கம் கெடும். கை நாறும். மழையில நிக்கணும். இதெல்லாம் பரவால்லீன்னா வா.

புளியம்பட்டிப் பையன் | ஜூன் 25, காலை 8:45

அண்ணா, படிச்சு முடிச்சதும் இன்னைக்கே கெளம்பிப் போயிரலாம்னு தோணுது. குஞ்சு எண்றதுன்னு சொன்னாங்களே, லட்சக்கணக்குல இருக்கறத எப்படிங்ணா எண்ணுவாங்க?

தாராபுரம் பண்ணைக்குட்டை | ஜூன் 25, பகல் 1:30

அந்த எண்ற வெசயத்துலதான் எனக்கு வயித்தெரிச்சல். குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும்.

மானியத்துல குட்டை வெட்டி, மூணு வருசம் முன்ன ஒரு பண்ணையில 5,000 விரலி, அதான் விரல் நீளக் குஞ்சு, வாங்குனேன். பேரு வேண்டாம். பாலித்தீன் பையில ஆக்சிசன் அடிச்சு, பைக்கு இத்தனைன்னு எழுதிக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து சந்தேகப்பட்டு, நானும் எம் பொண்ணும் ரெண்டு பையப் பிரிச்சுக் குண்டாவுல ஊத்தி ஒண்ணொண்ணா எண்ணுனோம். 250-ன்னு எழுதுன பையில ஒண்ணுல 188, இன்னொண்ணுல 171. கம்மியா இருந்ததுகூடப் பெருசில்ல. 5,000-ன்னு நம்பி அதுக்குத்தான் தீவனக் கணக்குப் போட்டேன். தின்னது போக மிச்சத் தவிடும் புண்ணாக்கும் அடியில அழுகி, மார்கழி மூடாப்புல ஒரு நாள் வெடியால பார்த்தா எல்லாம் வாயத் தெறந்துக்கிட்டு மேல நிக்குது. பத்து மணிக்குள்ள மூணு மூட்டை மீனப் பொறக்குனோம்.

தம்பி, நீ போற எடத்துல எண்ணிக்கைய மட்டும் சரியா எழுது. வாங்கறவன் வீட்டு அடுப்பு அதுல எரியுது.

பரிசல்துறை | ஜூன் 25, இரவு 7:50

தாராபுரத்து அண்ணன் சொன்னது அத்தனையும் நெசம். நான் காலையில எழுதாம விட்டதும் அதுதான்.

தம்பி, எண்றது இப்படி: அடியில வலைக்கண் வெச்ச சின்னக் கிண்ணம் ஒண்ணு இருக்கும். தண்ணிக்குள்ள கட்டுன ஹாப்பாங்கற வலைத்தொட்டியில குஞ்சை ஒரு மூலைக்கு ஒதுக்கி, கிண்ணத்துல மொண்டு, தண்ணி வடிஞ்சதும் ஒரு கிண்ணத்தை மட்டும் வெள்ளைத் தட்டுல கொட்டி எண்ணணும். அப்புறம் எத்தனை கிண்ணமோ அத்தனையால பெருக்கல். தண்ணி முழுசா வடியாம மொண்டா கிண்ணத்துல பாதி தண்ணிதான். முதல்ல மொள்றதுக்கும் கடைசில மொள்றதுக்கும் குஞ்சோட அளவு மாறும். அதனால முதல்ல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசில ஒண்ணு எண்ணிச் சராசரி எடு. வாங்க வர்றவங்க பக்கத்துல நின்னா அவங்க கையாலயே ஒரு கிண்ணம் எண்ண விடு. நேரம் ஆகும், ஆகட்டும்.

செத்ததையும் எழுதணும். இதைச் சொல்றதுக்கு எனக்கு ஒரு கதை இருக்குது.

ரெண்டாவதா இருந்த பண்ணையில ஒரு நாத்துக்குட்டையில ரெண்டு லட்சம் நுண்குஞ்சு விட்டோம். பதினேழாம் நாள் வலை போட்டா 31,000 தேறுச்சு. நாத்துக்குட்டையில நூத்துக்கு 30, 40 வந்தா நல்ல கை. இது 15-தான். மேல இருந்தவரு "எண்பதாயிரம்னு எழுது, மொதலாளி பாத்தா சத்தம் போடுவாரு, விக்கறப்ப சரிக்கட்டிக்கலாம்"னாரு. நான் அப்ப புதுசு, எழுதிட்டேன். எண்பதாயிரம் வந்த குட்டையில என்ன கோளாறுன்னு ஒருத்தரும் கேக்கல. பத்து நாள்ல அதே குட்டையில அடுத்த ரெண்டு லட்சத்த விட்டாங்க. அதுவும் போச்சு. மூணாவது தடவைக்கு முன்னால நானே ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பார்த்தேன். தண்ணி மேல மல்லாக்க நீந்தற பூச்சி, கரைப்புல்லுல தட்டாம்பூச்சிப் புழு. ஒவ்வொண்ணும் குஞ்சு ஒண்ணக் கவ்விக்கிட்டு நிக்குது. சவுக்காரத்தையும் எண்ணெயையும் கலக்கி, குஞ்சு விடறதுக்கு முந்துன நாள் காத்தில்லாத நேரமாப் பார்த்துத் தெளிச்சிருந்தா, மூச்சு வாங்க மேல வர்ற பூச்சி அத்தனையும் செத்திருக்கும். அந்த வேலைய விட்டுப்போட்டிருக்காங்க. முதல் தடவையே 31,000-ன்னு எழுதியிருந்தா ரெண்டாவது ரெண்டு லட்சம் பொழைச்சிருக்கும். நான் எழுதுன அந்தப் பொய்க் கணக்குதான் அதைக் கொன்னுச்சு. இன்னைக்கும் எனக்கு அந்தப் பக்கம் கண்ணுல நிக்குது.

மழைநாட்டு அம்மிணி | ஜூன் 26, காலை 5:05

வணக்கம். ஊரு காங்கயம். இப்ப அமெரிக்காவுல வாசிங்டன் மாநிலத்துல ஒரு சால்மன் குஞ்சு நிலையத்துல களப்பணியாளரா ரெண்டாவது வருசம். இந்த இழையப் படிச்சுப்போட்டுத் தூங்கப் போக முடியல, அதனால எழுதறேன்.

தம்பி, உங்க ஒறம்பரைகிட்டச் சொல்லுங்க, எங்ககூட வேலை பார்க்கறவங்கள்ல முதுகலை படிச்சவங்களும் இருக்காங்க. இந்த நாட்டுல 1872-லயே கலிபோர்னியாவுல மெக்ளவுட் ஆத்தங்கரையில லிவிங்ஸ்டன் ஸ்டோன்ங்கறவரு சால்மன் முட்டை எடுக்கற நிலையம் போட்டுட்டாரு. அத்தனை காலமா நடக்கற வேலை.

உங்க முட்டை 14 மணி நேரத்துல பொரியுதுன்னு அண்ணன் எழுதுனதப் படிச்சதும் எனக்குப் பொறாமையா இருந்துச்சு. எங்க ஆத்துத் தண்ணி ஐஸ் மாதிரி. தினமும் தண்ணியோட சராசரி வெப்பத்தை எழுதிக் கூட்டிட்டே போவோம். இன்னைக்கு 10 டிகிரி, நாளைக்கு 9, மொத்தம் 19, இப்படி. சினூக்ங்கற சால்மன் வகையோட முட்டை பொரிய அந்தக் கூட்டுத்தொகை சுமாரா 500 வரணும். 10 டிகிரித் தண்ணின்னா ஐம்பது நாள். நடுவுல முட்டைக்குள்ள ரெண்டு கருப்புக் கண்ணு தெரியும். அப்ப முட்டைய ஒரு குழாய் வழியா ஒரு வாளியில இருந்து இன்னொண்ணுக்கு வேணும்னே விழ வெச்சு அதிர வெப்போம். கரு இல்லாதது எல்லாம் அந்த அதிர்ச்சியில வெள்ளையாயிரும், பொறுக்கி எடுத்து எண்ணிடுவோம். விட்டா பஞ்சு மாதிரி பூஞ்சை புடிச்சுப் பக்கத்து முட்டையையும் கொன்னுரும்.

குஞ்சை ஆத்துல விடறதுக்கு முன்ன முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல இருக்கற சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டி விடுவோம். அந்தத் துடுப்பு இல்லைன்னா பண்ணை மீன், இருந்தா பெரும்பாலும் ஆத்துலயே பொறந்த மீன். சிலதுக்கு மூக்குல ஒரு மில்லிமீட்டர் நீளக் கம்பித் துண்டு, எழுத்துப் பொறிச்சது. கடலுக்குப் போய் மூணு நாலு வருசம் கழிச்சு அதே ஆத்துக்குத் திரும்பி வரும்போது, தலையில இருந்து அந்தக் கம்பிய எடுத்து நுண்ணோக்கியில படிச்சா எந்தப் பண்ணை, எந்த வருசத்துக் குஞ்சுன்னு தெரிஞ்சிரும்.

எனக்கு மனசுல நின்ன வேலை ஐப்பசி, கார்த்திகையில வர்றது. இந்த சினூக், கோஹோ சால்மன் எல்லாம் முட்டையிட்டதும் செத்துப்போகும். தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு ஓடையில நடந்து செத்த மீனத் தேடணும். நீளம் அளந்து, செதில் எடுத்து, வயித்தக் கிழிச்சு உள்ள முட்டை மிச்சம் இருக்குதான்னு பார்க்கணும். முட்டை முழுசும் உள்ளயே இருந்தா அது வந்த வேலைய முடிக்காம செத்திருக்குதுன்னு அர்த்தம். எழுதி முடிச்சதும் வாலை வெட்டி விட்டுருவோம், அடுத்த வாரம் வர்றவங்க ரெண்டாவது தடவை எண்ணிரக் கூடாதுன்னு. முதல் நாள் ஒரு பொட்டை மீன், வாலெல்லாம் கூழாங்கல்லுல குழி பறிச்சுத் தேஞ்சு எலும்பு தெரிஞ்சுது. வயித்துல நாலே நாலு முட்டை மிச்சம். 4-ன்னு எழுதறப்ப கை நடுங்குச்சு.

இன்னொண்ணு. சால்மன் குடும்பத்து மீன் நம்ம பக்கமும் இருக்குது. நீலகிரியில அவலாஞ்சில 1907-ல போட்ட டிரவுட் பண்ணை. அங்க இருக்கற ஓடை குந்தா ஆத்துல சேர்ந்து, அது பவானியில கலந்து, அந்தத் தண்ணிதான் நீங்க வேலைக்குப் போற அணைக்கு வருது.

கூடுதுறை | ஜூன் 26, பகல் 11:40

எல்லாரும் நல்லாத்தான் எழுதறீங்க. நான் ஒரு மாற்றுக் கருத்து வெக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

கட்லா, ரோகு, மிர்கால் மூணும் நம்ம காவேரி மீனே இல்ல. வடக்க இருக்கற ஆத்து மீன். ஜிலேபி மீன் 1952-ல நாட்டுக்குள்ள வந்தது, இன்னைக்கு அது இல்லாத ஏரி கெடையாது. நம்ம வெண்கெண்டை எங்க? எங்க தாத்தன் வலையில வந்த மீன் பேரெல்லாம் எம் பையனுக்குச் சொன்னா கதை மாதிரி கேக்கறான். மேட்டூர் அணை 1934-ல வந்தப்புறம் கடல்ல இருந்து காவேரில ஏறி வந்த உல்லம் மீனும் போச்சு. வங்காளத்துல இலிஷ்ங்கறாங்களே, அதே மீன். சால்மன் மாதிரியேதான் கடல்ல இருந்து ஆத்துக்கு ஏறும். பண்ணைக் குஞ்சை லட்சக்கணக்குல அணையில கொட்டறது பரிசல் ஓட்டறவங்களுக்குச் சோறு போடுது, மறுக்கல. ஆனா ஆத்து மீனுக்கு அது என்ன பண்ணுதுன்னு யாராச்சும் எண்ணறீங்களா?

மழைநாட்டு அம்மிணி | ஜூன் 27, காலை 4:30

கூடுதுறை அண்ணா, கோவம் எதுக்குங்க. இங்கயும் இதே சண்டைதான். பண்ணை சால்மன் ஆத்து மீனோட கலந்தா அடுத்த தலைமுறை ஆத்துல பொழைக்கற தெம்பு கொறையுதுன்னு தெரிஞ்சுதான் துடுப்பை வெட்டிப் பிரிச்சுப் பார்க்கறோம்.

நம்ம ஆத்துலயே இதுக்கு உதாரணம் இருக்குது. காவேரியில முதுகு திமிலோட ஒரு பெரிய மகசீர் உண்டு. வேற ஊரு மகசீரை, நீலத்துடுப்புக்காரனை, மராட்டியத்துல லோனாவாலா பண்ணையில பொரிச்சுக் காவேரியில கொண்டாந்து விட்டாங்க. நல்ல எண்ணத்துலதான் விட்டாங்க. திமில் மீன் கொறைஞ்சது எப்படித் தெரிஞ்சுது தெரியுங்களா? காவேரிக் கரை முகாம்ல தூண்டில் போட்டவங்க 1998-ல இருந்து 2012 வரைக்கும் தாங்க புடிச்சு விட்ட மீன எழுதி வெச்ச பதிவேட்டுல இருந்து. நீலத்துடுப்பு ஏற ஏற, திமில் மீன் எறங்கியிருக்கு. 2018-லதான் அந்தத் திமில் மீனுக்கு டார் ரெமாதேவின்னு அறிவியல் பேர் உறுதியாச்சு. அதே வருசம் அழிவின் விளிம்புல இருக்கற மீன்னு உலகப் பட்டியல்ல சேர்த்தாங்க. அது இன்னும் மிச்சம் இருக்கற எடத்துல ஒண்ணு மோயாறு. பவானிசாகர்ல வந்து விழற அதே மோயாறு.

தம்பி, குளத்துல வலை போடறப்ப விட்ட மீன மட்டும் அளந்துட்டு மத்ததக் கரையில வீசிராதீங்க. பேரு தெரியாத மீன் வந்தா போட்டோ எடுத்து, நீளம், எடை, நாள், எடம் எழுதி வெச்சு, தண்ணியில விடுங்க.

கூடுதுறை | ஜூன் 27, காலை 9:10

இது எனக்குத் தெரியாதுங்க அம்மிணி. பேரு தெரியலீன்னா இங்க போடச் சொல்லுங்க. நானும் எங்க ஊரு பெரியவங்ககிட்டக் கேட்டு நாட்டுப் பேரு சொல்றேன்.

ஊத்துக்குளி_நூல் | ஜூன் 27, இரவு 10:20

தம்பி என்ன முடிவு பண்ணுனே? எங்க வீட்டுலயும் கேக்கறாங்க.

புளியம்பட்டிப் பையன் | ஆகஸ்ட் 19, இரவு 8:15

மன்னிச்சுக்கோங்க, ஏழெட்டு வாரம் கழிச்சு வர்றேன். ஜூலை 1 வேலையில சேர்ந்துட்டேன். அப்பாரு முதல்ல பேசல. ஆடி 18-க்குப் பண்ணைக்கு வந்தாரு, பொரிப்புத் தொட்டிகிட்ட அரை மணி நேரம் நின்னு பார்த்துட்டு, போகும்போது "தண்ணி வேகம் அந்த ஓரத்துல கொஞ்சம் கம்மியா இருக்குதுடா"ன்னாரு. போய்ப் பார்த்தேன். ஒரு வாய் அடைச்சிருந்துச்சு. வாய்க்கால் மடை பார்த்த கண்ணு அவருக்கு.

பரிசல்துறை அண்ணா சொன்ன அந்த வாசம் எனக்கும் வந்துருச்சு. ராத்திரி 2:40.

முதல் நாத்துக்குட்டையில ஒரு லட்சம் விட்டு ஆகஸ்ட் 6-ல வலை போட்டோம். மூணு கிண்ணம் எண்ணுனேன்: 212, 197, 240. மொத்தம் 27,400-ன்னு எழுதி மேலாளர் அண்ணன்கிட்ட நீட்டுனப்ப நெஞ்சு அடிச்சுக்குச்சு. அவரு ஒண்ணும் சொல்லல. அடுத்த நாள் காலையில கரைப்புல்லை வெட்டச் சொல்லி ஆள் விட்டாரு. குஞ்சு விடறதுக்கு முந்துன நாள் எண்ணெய், சவுக்காரம் அவரே நின்னு தெளிச்சாரு. ரெண்டாவது தடவை ஒரு லட்சம் ஆகஸ்ட் 11-ல விட்டிருக்கோம்.

மழைநாட்டு அக்கா, குளத்து வலையில பேரு தெரியாத மீன் மூணு வந்துச்சு. போட்டோ நாளைக்குப் போடறேன், கூடுதுறை ஐயா பார்த்துச் சொல்லோணும்.

இப்ப அவசரமா ஒண்ணு கேக்கணும். விரலிக் குட்டை ஒண்ணுல தண்ணி கரும்பச்சையாயிருச்சு. கருப்பு வெள்ளைத் தட்டை விட்டுப் பார்த்தா 17 சென்டிமீட்டர்லயே மறையுது. இன்னைக்கு வெடியால அஞ்சேகாலுக்குத் தண்ணியில ஆக்சிசன் லிட்டருக்கு 2.6 மில்லிகிராம் இருந்துச்சு, காத்துச் சக்கரம் போட்டு எட்டு மணிக்கு 4-க்கு வந்துச்சு. ரெண்டு நாளா மூடாப்பு. என்ன பண்ணட்டும்?

பரிசல்துறை | ஆகஸ்ட் 19, இரவு 8:31

தட்டு 30-ல இருந்து 40-க்குள்ள மறையணும், 17 ஆபத்து. தீவனம் நாளைக்கு வேண்டாம். சாணி ஒரு கூடைகூடப் போடாதே. வாய்க்கால்ல தண்ணி விட்டிருப்பாங்களே, அடித்தண்ணியில கால்வாசி வெளிய விட்டு, புதுத்தண்ணிய ஏத்து. குழாய் வாயில நைலான் வலை ரெண்டு மடிப்புக் கட்டு, இல்லீன்னா விரால் குஞ்சு உள்ள வந்துரும். சக்கரத்தை அஞ்சு மணிக்குப் போட்டா பத்தாது, ராத்திரி பன்னண்டுக்கே போடு. ரெண்டு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை அளந்து எழுது. நான் முழிச்சிட்டுத்தான் இருப்பேன், ரெண்டு மணி அளவை இங்க போடு.

புளியம்பட்டிப் பையன் | ஆகஸ்ட் 20, அதிகாலை 2:07

3.9 அண்ணா. மீன் மேல வரல. சக்கரம் ஓடுது.